மிளாவைப் பற்றி நான் சொல்லாதது

உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் நானும் என் அக்காவும் காய் எடுத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் காலையில் ஓடைக்கரையில் மிளா மான் ஒன்று செத்துக் கிடந்தது. வனத்துறைக்குத் தெரிந்தால் தொல்லை என்று சூப்பர்வைசர் பயந்தார். அவர் சொன்னபடி அக்காவும் நானும் சேர்த்து நாலு பேர் கயிறு கட்டி இழுத்துப் போய்ப் புதைத்தோம்.

"யாரு கேட்டாலும் மிளாவப் பாக்கவே இல்லன்னு சொல்லணும். கேஸாயிரும், ஜெயில்தான்" என்றார்.

அதற்குள் மிளாவின் மேலிருந்த உண்ணிகள் எங்கள் மேல் ஏறியிருந்தன. வீட்டுக்கு வந்து ஒருவர் முதுகிலிருந்து ஒருவர் பிய்த்தெடுத்தோம். அக்காவுக்குக் கூச்சம் அதிகம். நான் விரல் வைக்கும் முன்பே நெளிந்து சிரிப்பாள்.

ஒரு வாரம் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைக்கு இறங்கவில்லை. மணிக்கட்டிலும் உள்ளங்காலிலும் சிவப்புப் புள்ளிகள் கிளம்பின. சூப்பர்வைசரே ஜீப் கொண்டுவந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா புள்ளிகளை அழுத்திப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "காட்டு மிருகம் எதையாச்சும் தொட்டீங்களா? உண்ணி கடிச்சுதா?"

அக்கா என்னைப் பார்த்தாள். பேச அவளுக்குத் தெம்பில்லை. சூப்பர்வைசர் கதவருகில் நின்றிருந்தார்.

"இல்ல டாக்டர்" என்றேன்.

டெங்குவாக இருக்கும் என்று பார்த்தார்கள். இரண்டு நாளில் அக்காவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அப்போதுதான் வராந்தாவில் டாக்டரம்மாவை மறித்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

"உண்ணிக் கடியில கிருமி உள்ள போகும்மா. ஆரம்பத்துலயே தெரிஞ்சிருந்தா அதுக்கான சாதாரண மாத்திரையே போதும். முந்தாநாள் நான் கேட்டேனே" என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். உடனே மருந்தை ஏற்றினார்கள். ஆனால் சிறுநீரகம் அதற்குள் நின்றுபோயிருந்தது. மறுநாள் மத்தியானம் அக்கா போய்விட்டாள்.

கேஸ் எதுவும் வரவில்லை. மிளாவைப் பற்றி ஒருவரும் எங்களைக் கேட்கவேயில்லை.

வெளியூர் வேலையிலிருந்து அடக்கத்துக்குத்தான் அக்கா புருஷன் வந்துசேர்ந்தார். அடக்கம் முடிந்து அத்தான் என்னிடம் கேட்டார். "உண்ணிக் காய்ச்சல்னு எப்பம்மா கண்டுபிடிச்சாங்க?"

"கடைசியிலதான் அத்தான்."

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து அவர் இங்கேதான் சாப்பிட வருகிறார். வருகிறவர்களிடமெல்லாம், "டாக்டருங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா எம்பொண்டாட்டி பொழச்சிருப்பா" என்கிறார். நான் குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுகிறேன்.