செக்ரட்டரி ஒட்டிய பக்கங்கள்

எங்கள் ஊர் வாசகசாலையில் பெண்களுக்கென்று தனி அலமாரி ஒன்று இருந்தது. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முப்பதுகளில் நாகர்கோவிலில் படித்த பெண்கள் பெருகிவிட்டோம் என்பதற்காகப் பெருமைக்கு வைத்த அலமாரி அது. நாங்கள் யாரும் உள்ளே போய்த் தொட முடியாது. வீட்டு ஆண்கள் போய்க் கேட்டால் செக்ரட்டரி பார்த்து எடுத்துக் கொடுப்பார். முதல் பக்கத்தில் 'ஸ்திரீகள் வாசிக்கத் தக்கது' என்று தன் கையாலேயே எழுதியிருப்பார். சிபாரிசாம்!

அந்தச் சிபாரிசு கிடைக்க ஒரு புத்தகம் என்ன பாடுபட வேண்டும் தெரியுமா? எங்களுக்கு ஆகாதென்று அவர் நினைத்த பக்கங்கள் கஞ்சிப்பசை போட்டு ஒன்றோடொன்று ஒட்டப்பட்டுத்தான் வரும். எனக்குத் துப்பறியும் நாவல் என்றால் உயிர். அடுப்பில் சோறு குழைந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். ஒருவன் கதவுக்குப் பின்னால் கத்தியோடு நிற்பான். பக்கத்தைப் புரட்டினால் போலீஸ்காரர் பிணத்துக்கு அருகே நின்று மீசையைத் தடவிக்கொண்டிருப்பார். செத்தது யாரென்று, அழுகிறவர்களை வைத்து நான்தான் துப்பறிய வேண்டும்.

என்னைப் போலவே கதைப் பைத்தியம் பிடித்த சிநேகிதிகளுக்கு நான் ஒரு யோசனை சொல்லி வைத்திருந்தேன். வக்கீல் வருகிற நாவலாகப் பார்த்து வாங்கிவரச் சொல்லுங்கள் என்பேன். கடைசியில் கோர்ட்டில் ஒரு வக்கீல் எழுந்து நடந்த கொலையை ஒன்றுவிடாமல் திரும்பச் சொல்லுவார். அதையும் ஒட்ட வேண்டும் என்று செக்ரட்டரிக்குத் தோன்றியதே இல்லை.

அந்த மட்டில் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது போட்டோப் புத்தகத்தில்.

என் வீட்டுக்காரர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். ஆண்கள் வருவார்கள், நாற்காலியில் கைவைத்து விறைப்பாக நிற்பார்கள், போவார்கள். பெண்கள் வரமாட்டார்கள். அன்னிய ஆண் முன்னால் எந்த வீட்டில் உட்காரவிடுவார்கள்? ஆனால் கொழும்பிலும் பினாங்கிலும் வேலையிலிருந்த மாப்பிள்ளைகள் பெண்ணின் படம் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அப்படியானால் நான் எடுக்கிறேன் என்று கிளம்பினேன். காமிராவை இயக்கவும் இருட்டறையில் படம் விழுந்த கண்ணாடித் தட்டைக் கழுவவும் அவரிடமே கற்றுக்கொண்டேன். கோட்டாறு வீட்டுப் பெண்கள் சிலர் தைரியமாக வந்தார்கள். படம் பாழாய்ப் போனது. முக்காடு போட்ட தலை. அதன் நிழல் முகத்தில் விழுந்து கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழி. வந்தவர்கள் பார்த்துவிட்டுப் படத்தை வாங்காமலே போனார்கள். இன்னும் இரண்டு படம் இப்படிப் போனால் என் கதை முடிந்தது. நிழலுக்கு வழி என் வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. முக்காடு போட்டவர்களை அவர் எங்கே படம் எடுத்திருக்கிறார்?

ஊரைவிட்டுப் போன ஒரு துரைசானி, படமெடுக்கும் வித்தையைப் பற்றிய பெரிய ஆங்கிலப் புத்தகத்தை வாசகசாலைக்குக் கொடுத்திருந்தாள். அதில் அகலத் தொப்பி போட்ட வெள்ளைக்காரிகளின் படங்கள் இருப்பதாகவும், தொப்பிக்கடியில் முகம் பளிச்சென்று தெரிவதாகவும் என் வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு வேண்டியது அதுதான். நச்சரித்து வாங்கிவரச் செய்தேன்.

திறந்தேன். கப்பல் இருந்தது, குதிரை இருந்தது, தாடிக்காரக் கிழவர்கள் இருந்தார்கள். பெண்ணின் படம் இருந்த இடமெல்லாம் பிரவுன் தாள்! கழுத்தும் கையும் தெரிகிறதாம். ஒன்றை நனைத்து மெல்ல உரித்துப் பார்த்தேன். முகம் தாளோடு வந்துவிட்டது.

நேரே வாசகசாலைக்குப் போய்ப் படியில் நின்று கத்தினேன். கொலைகாரன் யாரென்று ஊகித்துக்கொள்ளலாம், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று எப்படி ஊகிப்பேன் என்று கேட்டேன். செக்ரட்டரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கோவப்படாதீங்கம்மா. உங்க நன்மைக்காச்சுட்டித்தான் செய்யது."

எங்கள் நன்மை இவருக்கு மட்டும் எப்படித்தான் தெரிந்ததோ!

சில மாதம் கழித்து அதே மனிதர் மகளை அழைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தார். கொழும்பு மாப்பிள்ளை படம் கேட்டிருந்தார். தலையில் முந்தானையைப் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று கண்டிஷன் வேறு. விரட்டியடிக்க நாக்கு துடித்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன். செக்ரட்டரி என் வீட்டுக்காரரோடு வெளியே இருந்துகொண்டார்.

கதவைச் சாத்தியதும் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, அந்தப் புஸ்தகத்துல தாள் ஒட்டுனது நாந்தான். அப்பா அடையாளம் வச்சுத் தருவாவ. நான் பசை காய்ச்சி ஒட்டுவேன்."

நான் காமிராவை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போனேன்.

"ஒட்டுததுக்கு முன்னால எல்லாத்தையும் பாத்துக்கிடுவேன். நாவல்லயும் ஒட்டுத பக்கம் மட்டும்தான் எனக்குப் படிக்கக் கிட்டும். கொலை எல்லாம் தெரியும் அக்கா, கதைதான் தெரியாது."

தொப்பிக்காரிகளையும் அவள் மறக்கவில்லை. அவர்களை உட்காரவைத்து எடுக்கிற விதத்தைக் காட்டிய படத்தில் ஜன்னல் ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் வெள்ளைத் துணி, மடியிலும் ஒரு வெள்ளைத் துணி விரித்திருந்தது என்றாள். அப்படியே செய்தேன். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் முந்தானைக்கடியில் ஏறி அவள் கண்ணில் போய் நின்றது. தட்டைக் கழுவி, காயவைத்து, வெயிலில் பிரிண்டு போட்டு எடுத்துவந்தேன். நான் உருப்படியாக எடுத்த முதல் முகம் அது.

செக்ரட்டரி பார்த்தார். நல்லா இருக்கு என்றார். பிரிண்டை மடித்த துண்டுக்குள் பத்திரப்படுத்திவிட்டு, எத்தனை பிரிண்டு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளக்கூடிய அந்தக் கண்ணாடித் தட்டு எங்கே என்றார்.

"அத எனக்க கண்ணு முன்னால உடைச்சிருங்க. பொம்பளப்பிள்ள படம், இன்னொருத்தன் கையில போயிரப்பிடாது."

"முடியாது" என்றேன்.

"அப்பம் உங்ககிட்ட எவன் பிள்ளைய அனுப்புவான்? நானே போய்ச் சொல்லுவேன்."

"சொல்லும். எங்க வேணும்னாலும் போய்ச் சொல்லும்!"

என் வீட்டுக்காரர் நடுவில் வந்தார். நான் அவரையும் தள்ளினேன். அதற்குள் அந்தப் பெண் மேசையிலிருந்த தட்டை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துத் தன் முகத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு தரையில் போட்டாள்.

துண்டுகளைப் பொறுக்க இருவரும் குனிந்தபோது என் காதோடு சொன்னாள்.

"நீங்க உடைக்க மாட்டீய அக்கா. உடைக்காட்டா பொறவு ஒருத்தியும் இஞ்ச வரமாட்டா."

அவள் கொழும்புக்குப் போனாள். செக்ரட்டரி திருப்தியாக வீடுவீடாகப் போய், அந்த ஸ்டுடியோவுக்குப் பிள்ளைகளைத் தைரியமாக அனுப்பலாம் என்றார். பெண்கள் வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். எல்லாம் செக்ரட்டரியின் சிபாரிசு என்று ஊர் புகழ்ந்தது. தன் முகத்தைத் தானே போட்டு உடைத்தவளைப் பற்றி இந்த ஊருக்கு என்ன தெரியும்!