உள்ளதைச் சொல்லும் ஸ்பீக்கர்

என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வேலை. டாக்டரா, நர்ஸா என்று கேட்பவர்களிடம் "மெஷின் ஆபரேட்டர்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வாள். மிச்சத்தை நான் சொல்கிறேன். சலவைப் பிரிவில் ஆள் உயர வாஷிங் மெஷின்கள் ஏழு, அத்தனையும் அவள் பொறுப்பு. அந்த ஏழில் எது தண்ணீர் எடுக்கிறது, எது பிழிகிறது, எது மக்கர் பண்ணப்போகிறது என்று முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாலும் காதாலேயே சொல்லிவிடுவாள்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நாள் முழுக்க அடுத்தவர் தப்பைப் பார்த்துக் கத்துவது என் பிழைப்பு. அதனாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் எனக்கு வாயில் வருவது ஒன்றே ஒன்றுதான்: "நல்லா இருக்கு." புதுத் திரைச்சீலையா, நல்லா இருக்கு. முடி வெட்டிக்கொண்டாளா, நல்லா இருக்கு. ஒருநாள் "தலை வலிக்குதுங்க" என்றதற்கும் அதையே சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் பெண் வேலை கிடைத்து வெளியூர் போனபோது பழைய லேப்டாப்பை விட்டுவிட்டுப் போனாள். என் மனைவி அதில் பாட்டுப் போடக் கற்றுக்கொண்டாள். பாட்டு என்றால் வாயால் பாடுவது இல்லை. மெஷின் சுற்றும் சத்தம், டிராலி உருளும் சத்தம், கதவு சாத்தும் சத்தம் எல்லாவற்றையும் போனில் பிடித்துக்கொண்டு வந்து, வெட்டி, இழுத்து, திருப்பிப் போட்டு ஒரு தாளமாக்குவாள். எல்லாம் ஹெட்ஃபோனில்தான். வெளியே இருந்து பார்த்தால், ஒரு பெண்மணி காதை அடைத்துக்கொண்டு சும்மா தலையாட்டிக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் இஸ்திரிப் பிரிவில் இருந்த அக்கா ஓய்வு பெற்றார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இவளுக்கு அவர்தான் எல்லாம். வழியனுப்பு விழாவில் போட என்று இவள் இரண்டு மாதம் உட்கார்ந்து ஒரு பாட்டுச் செய்தாள். முந்தின நாள் சாயங்காலம் ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டினாள். நான் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் அரை நிமிஷம் கேட்டேன். என்ன சொன்னேன் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

விழாவுக்கு நானும் போயிருந்தேன். ஹாலின் பெரிய ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டார்கள். தடதடதட என்று ஒரே அதிர்வு. வேறு ஒன்றும் காதில் விழவில்லை. யாரோ, "ஜெனரேட்டர் போட்டுட்டாங்களா?" என்று கேட்டார். ஹாலே சிரித்தது. இஸ்திரி அக்காவும், பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தார். இவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் தலையணை உறைக்குள் போட்டு பீரோ மேல் வைத்துவிட்டாள்.

ஒரு மாதம் ஆயிற்று. அவள் அதை எடுக்கவே இல்லை. சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்து எதையோ பார்த்தாள். அந்தத் தலையாட்டல் இல்லாமல் எனக்கு வீடு வீடாகவே இல்லை. இனி எடுக்கவே மாட்டாளோ என்று பயம் வந்துவிட்டது. பெண்ணுக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"ஹெட்ஃபோன்ல அதிர்வு சரியா தெரியாது. அதுலயே எல்லாத்தையும் முடிச்சா அப்படித்தான் ஆகும்பா," என்றாள். "அம்மாவுக்கு மானிட்டர் ஸ்பீக்கர் வேணும். விலை கம்மியிலயே வரும். ஆனா இனிமையா கேக்குதேன்னு மயங்கி வாங்கிடாதீங்க. பாட்டுல இருக்கிற குறையை அப்படியே காட்டணும்."

குறையைக் காட்ட ஒரு சாமானைக் காசு கொடுத்து வாங்குவார்களா என்று நினைத்தேன். ஆனாலும், "சும்மா பார்த்துட்டு வரலாம் வா" என்று சொல்லி அந்த வாரமே அவளைக் கிளப்பிக்கொண்டு போனேன்.

கடை ஒரு மாடியில் இருந்தது. கடைக்காரர் தொண்டை மாத்திரையைச் சப்பிக்கொண்டே, "ரூம் எவ்வளவு பெருசு?" என்றார்.

"கட்டில், பீரோ போக மிச்சம் இருக்கிற மூலை," என்றேன்.

"அப்போ எட்டு இன்ச் ஸ்பீக்கர் வேண்டாம். சின்ன ரூம்ல தடதடங்கிற அடிச் சத்தம் தேங்கிடும். அஞ்சு இன்ச் போதும்." எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் மூன்று ஜோடிகளை வரிசையாக வைத்து ஏதோ ஒரு பாட்டைப் போட்டார். முதல் ஜோடி எனக்கு ரொம்பப் பிடித்தது. "அது கொஞ்சம் சத்தமா இருந்தது சார், அதான்," என்று மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார். முதல் ஜோடியின் பவிசு பாதி போய்விட்டது.

"இப்போ உங்க பாட்டைப் போடுங்கம்மா," என்றார்.

கைப்பைக்குள் போன அவள் கை வெளியே வரவில்லை. "பாட்டெல்லாம் ஒண்ணும் இல்லைங்க."

"போடும்மா, நல்லாத்தானே இருக்கு," என்றேன் நான்.

"நீங்க சும்மா இருங்க!" கடை என்றுகூடப் பார்க்காமல் சீறினாள். "அன்னைக்கும் இதையேதானே சொன்னீங்க? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சரியில்லைன்னு சொல்லியிருந்தா நான் அத்தனை பேர் முன்னாடி அசிங்கப்பட்டிருக்க மாட்டேன்ல?"

கடைக்காரர் தூரத்தில் இருந்த ஒரு கிதாரைத் துடைக்கப் போய்விட்டார். எனக்குச் சுரீர் என்றது. ஊரான் பிள்ளைகள் கிளட்ச்சை விடுவதில் ஒரு விரற்கடை பிசகினால் கத்துகிறவன், பெண்டாட்டி இரண்டு மாதம் செய்த பாட்டை அரை நிமிஷம் கேட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"தப்புதான்மா," என்றேன். "நான் அன்னைக்குக் கேக்கவே இல்ல. சும்மா சொன்னேன். இப்போ போடு. கேக்கறேன்."

கைப்பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தாள்.

முதல் ஜோடியில் தடதடப்பு அழகாகக் கேட்டது. மூன்றாவதிலும் கிட்டத்தட்ட அப்படியே. நடு ஜோடிதான் இருப்பதிலேயே சாதாரணமாக இருந்தது. மினுக்கலும் இல்லை, ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அதை மறுபடி போடச் சொன்னேன்.

"நடுவுல மணி மாதிரி ஒண்ணு வருதே," என்றேன். "வரும்போதெல்லாம் அந்தத் தடதடப்பு அதை முழுங்கிடுது. மணிதான் நல்லா இருக்கு. தடதடப்பு ரொம்ப ஜாஸ்தி."

அவள் பாட்டை நிறுத்தினாள். "அது மணி இல்லைங்க. ஸ்பூன். யாரோ பேஷன்ட் சட்டைப் பையில விட்டுட்டாங்க. மெஷின் சுத்தச் சுத்த உள்ள டங்கு டங்குன்னு அடிச்சுது. நானும் அக்காவும் வேலைய விட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சோம். அதுக்காகத்தான் அந்தப் பாட்டே." நடு ஜோடியைத் தொட்டுப் பார்த்தாள். "அன்னைக்கு அது யாருக்குமே கேக்கல."

கடைக்காரர் திரும்பி வந்து, இன்னும் கொஞ்சம் போட்டால் இதைவிட நல்லது இருக்கிறது என்று ஆரம்பித்தார். "வேண்டாங்க, நடுவுல இருக்கிறதையே கட்டுங்க," என்றாள் இவள். "இவருக்கே கேக்குதுன்னா இதுக்கு மேல என்ன வேணும்?"

வீட்டில் மேஜையைச் சுவரிலிருந்து முன்னால் இழுத்துப் போட்டோம். பஞ்சு அட்டை மேல் ஸ்பீக்கர் இரண்டையும் காது உயரத்துக்கு வைத்தோம். இரண்டும் நாற்காலியும் முக்கோணமாக வர வேண்டுமாம். சரியாகக் கேட்கிற இடம் அந்த ஒரே நாற்காலிதான். தலையணை உறையிலிருந்து லேப்டாப் வெளியே வந்தது.

பத்து நாள் தடதடப்போடு மல்லுக்கட்டினாள். பிறகு ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை அக்காவை வரச் சொல்லியிருக்கேன். முழுசா கேட்டுட்டு சொல்லுங்க."

நாலு நிமிஷம். முழுசாகக் கேட்டேன். ஸ்பூன் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. இரண்டு பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது. ஆனாலும் உள்ளதைச் சொன்னேன்.

"மூணாவது நிமிஷத்துக்கு மேல கொஞ்சம் இழுக்குதும்மா."

"இழுக்குதுல்ல? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. நகருங்க, நகருங்க!" என்று என்னைத் தள்ளாத குறையாக எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். அப்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை, கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நான் சொன்ன எந்தப் பாராட்டும் அவளுக்குக் கொடுத்ததில்லை.