எதிரணி கோல்கீப்பர் சுற்றிய டேப்

நீடாமங்கலத்தில் ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. என் ஹாக்கி மட்டையின் வளைவில் விரிசல் விட்டிருந்ததால் ஒரு ரோல் டேப் முழுவதையும் அதில் சுற்றி வைத்திருந்தேன். மட்டையின் தடிமனைச் சோதிக்க நடுவர் நீட்டிய வளையத்துக்குள் அது நுழையவில்லை; நுழையாத மட்டையோடு ஆட விடமாட்டார்கள். என்னிடம் வேறு மட்டையும் இல்லை.

"என்ன தம்பி, மாவுக்கட்டா?" என்றார் எதிரணி கோல்கீப்பர். தொப்பையும் கால்காப்புமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"ஆமாண்ணே. உங்க வயித்துக்கும் ஒண்ணு போடவா?"

சிரிக்காமல் மட்டையை வாங்கினார். நான் சுற்றியதையெல்லாம் உரித்துவிட்டு, தன்னிடமிருந்த டேப்பை நுனியிலிருந்து மெல்லிசாக இழுத்துச் சுற்றி, பல்லால் கடித்து அறுத்தார்.

"அண்ணே, நான் உங்களுக்கு எதிரா ஆடுறவன்."

"தெரியுது. நீ வெளிய உக்காந்துட்டா நான் யாரு பந்தைத் தடுக்குறது?"

மட்டை வளையத்துக்குள் வழுக்கிக்கொண்டு போனது.

கடைசி நிமிடத்தில் பெனால்ட்டி ஸ்ட்ரோக் எனக்குத்தான் கிடைத்தது. அவர் ஒரு பக்கம் பாய, நான் மறுபக்கம் அடித்தேன். அவர்கள் தோற்றார்கள். எழுந்து வந்தவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மட்டையைப் பிடுங்கித் தன் அணிக்குத் தூக்கிக் காட்டினார்.

"நான் சுத்துன டேப்பு ஒரு ஓரங்கூடப் பிரியல, பாருங்கடா!"

அவர்கள் அவரை முறைத்தார்கள். தோற்ற மனுஷனுக்கு எங்கிருந்து அவ்வளவு பெருமை வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.