ஃபிளிப்பருக்கு வெளிச்சம் கொடுக்கப்போன ஞாயிற்றுக்கிழமை

இந்த நாட்டில் ஒரு பொருள் பழுதானால் உடனே அதன் கழுத்தில் ஒரு மட்டையைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். 'டிஃபெக்ற்' என்று பெரிதாக எழுதியிருக்கும். ரயில் நிலையத்தில் காசு போட்டால் சொக்கிலேற் விழும் பெட்டியில் தொங்கும், மின்தூக்கியில் தொங்கும், கழிப்பறைக் கதவில்கூடத் தொங்கும். போகிறவர்கள் நின்று வாசித்து, யாரோ செத்த செய்தி கேட்டதுபோலத் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். வன்னியில் இந்தப் பழக்கம் இருந்திருந்தால், மாங்குளம் சந்தியிலிருந்து முல்லைத்தீவுக் கடற்கரை வரைக்கும் மட்டை கட்ட எங்களுக்குக் கயிறு போதாமல் போயிருக்கும்.

நான் கோப்பை கழுவும் ரெஸ்ரோறன்ற் சுவிஸில் பேர்ண் நகரத்துக்கு வெளியே ஒரு சிறிய ஊரில் இருக்கிறது. அதன் மூலையில் ஒரு ஃபிளிப்பர் மெசின் நிற்கிறது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கண்ணாடி போட்டு மூடிய சாய்வான மேசை, உள்ளே ஓர் இரும்புக் குண்டு. பக்கத்துப் பொத்தானை அமத்தினால் இரண்டு சிறு கட்டைகள் துள்ளி அந்தக் குண்டை மேலே அடிக்கும். குண்டு ஓடுகிற வழியெல்லாம் சின்னச்சின்ன பல்புகள் எரியும். வளர்ந்த ஆண்கள் பின்னேரம் முழுக்க அதோடு மல்லுக்கட்டுவார்கள். ஒரு கிழமை அந்தப் பல்புகள் எல்லாம் ஒரேயடியாக நூர்ந்துபோயின. குண்டு ஓடியது, மணி அடித்தது, வெளிச்சம் மட்டும் இல்லை. உடனே மட்டை தொங்கியது. முதலாளியம்மா பிறவு லூதி, நகரத்திலிருந்து மெக்கானிக் வர இரண்டு கிழமை ஆகும் என்று கையை விரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருப்புக்கொள்ளாமல் போனதற்குக் காரணம் ஃபிளிப்பர் அல்ல. என் மனைவி மலரும் மகள் சுபாவும் வன்னியிலிருந்து வவுனியாவுக்கு வந்திருந்தார்கள். சுபாவின் காதில் சீழ் வடிந்தது, வைத்தியரிடம் காட்டவென்று ஆமியின் பயணப் பாஸ் கிடைத்தது. அந்தப் பாஸ் அன்றோடு முடிகிறது. தொடர்ந்து நிற்பதென்றால் வவுனியாவில் இருக்கிற ஒருவர் பொறுப்பு நிற்கவேண்டும். நான் தெரிந்தவன், தெரியாதவன் எல்லாரிடமும் கெஞ்சியதில், முதல் நாள்தான் என்னோடு படித்தவனின் மாமா ஒருவர் சம்மதித்தார். அவருடைய பெயரையும் விலாசத்தையும் மலருக்குச் சொல்லிவிட்டால் போதும். "ஆள் கிடைச்சால் நிக்கிறம். இல்லாட்டி பின்னேர பஸ்ஸில திரும்புறம். அம்மா வன்னியில தனிய" என்று ரெஸ்ரோறன்றுக்கு எடுத்த முதல் அழைப்பிலேயே அவள் சொல்லியிருந்தாள். ஞாயிறு மூன்று மணிக்கு வவுனியாவில் காசு கொடுத்துத் தொலைபேசி எடுக்கும் அதே கொமினிக்கேசன் கடையிலிருந்து மறுபடி எடுப்பாள். அது எங்களுக்குக் காலை பதினொரு மணி.

அகதிகள் விடுதியில் எங்களுக்குத் தொலைபேசி இல்லை. ஞாயிற்றுக்கிழமை ரெஸ்ரோறன்ற் பூட்டு. எனவே பிறவு லூதியிடம் என் ஜேர்மனில், "மைன பிறவு, மைன் கின்ட், ஞாயிறு, பதினொன்று" என்று, அதாவது என் மனைவி, என் பிள்ளை என்று சொல்லி அவருடைய தொலைபேசியைக் காட்டினேன். அவர் மகிழ்ச்சியோடு கையைத் தட்டி ஏதோ கேட்டார். நான் வழக்கம்போல "யா, யா" என்றேன். இந்த நாட்டில் நான் ஆம் என்று தலையாட்டிய கேள்விகளைத் திரும்பக் கேட்டால் என்னைச் சிறையில் போடுவார்களோ தெரியாது. ஞாயிறு காலை திறப்பை வாங்கிக் கதவைத் திறந்தால், மேசையில் ஒரு கேக், பக்கத்தில் மூன்று தட்டுகள். மலரும் சுபாவும் பதினொரு மணி ரயிலில் வந்து இறங்கப்போகிறார்கள் என்று அந்த மனுசி நினைத்துவிட்டார். திருத்திச் சொல்ல எனக்கு மொழி இல்லை. மூன்று தட்டுகளையும் தொடாமல் அப்படியே விட்டேன்.

பத்து மணியிலிருந்தே தொலைபேசியைச் சுற்றிச்சுற்றி நடந்தேன். துடைத்த தரையைத் திரும்பத் துடைத்தேன். கை சும்மா இருந்தால் மனம் கண்ட இடமெல்லாம் போய்விடும். அதனால்தான் ஃபிளிப்பரின் திறப்பை ஆணியிலிருந்து எடுத்தேன். கண்ணாடியை இழுத்து வைத்துவிட்டு, ஆட்டப் பலகையை நிமிர்த்திக் கம்பால் முண்டு கொடுத்தேன். அடியில் ஒரே வயர்க் காடு. ஒரு பல்பைக் கழற்றினேன். சைக்கிள் டைனமோ பல்பின் அதே அளவு, அதே ஆறு வோல்ற். தெரிந்த முகத்தைக் கண்டதுபோல இருந்தது.

தொண்ணூறாம் ஆண்டு கரண்ட் நின்ற பிறகு வன்னியில் நாங்கள் எல்லாருமே பாதி மெக்கானிக். கிளிநொச்சியில் இரணைமடு வாய்க்கால் ஓரம் என் தகப்பனுக்குக் கிடைத்த வயல் காணியில் எங்கள் கொட்டில். பற்றரி அரசாங்கம் வன்னிக்குத் தடைசெய்த சாமான். எனவே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். மலர் சுற்றுவாள், நான் காதை வைத்துச் செய்தி கேட்பேன். "கெதியாச் சொல்லச் சொல்லுங்கோ அவரை, கை நோகுது" என்று செய்தி வாசிப்பவரைத் திட்டுவாள். கரண்ட் போன பிறகு பிறந்தவள் சுபா. அவள் கண்ட மின்வெளிச்சம் அந்த ஒரு சைக்கிள் பல்புதான். குண்டு போட வரும் பொம்பர் இரைச்சல் கேட்டால் சுற்றுவதை நிறுத்துவோம், விளக்கை நூர்ப்போம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வளவில் வெட்டிய பதுங்குகுழி, அந்தப் பங்கருக்குள் இறங்குவோம். ஆமி வர, கிளிநொச்சியை விட்டு ஓடியபோது அந்தச் சைக்கிளையும் உருட்டிக்கொண்டுதான் விசுவமடுவுக்குப் போனோம்.

கழற்றிய பல்பின் இழை அறவில்லை. தாங்கியைச் சுரண்டித் துப்புரவாக்கினேன், எரியவில்லை. பக்கத்தில் இருந்ததும் அப்படியே. எல்லாப் பல்பும் ஒரே நாளில் சாகாது. வயரைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் பின்பெட்டிக்குள் பியூஸ் கருகிக் கிடந்தது. வன்னியில் பியூஸ் போனால் நாங்கள் பியூஸைத் தேடுவதில்லை, சிகரெட் பெட்டியைத் தேடுவோம். அதன் வெள்ளித்தாளில் ஒரு துண்டைக் கிழித்துச் சுற்றிவிட்டால் உழவு இயந்திரத்து லைற்றும் எரியும், கூட்டுறவுச் சங்கக்கடை ஜெனறேற்றரும் ஓடும். குப்பை வாளியில் ஒரு வெற்றுப் பெட்டி கிடந்தது. சுற்றினேன். சுவிச்சைப் போட்டேன்.

எல்லாம் எரிந்தது! சிவப்பு, மஞ்சள், நீலம், கோயில் சப்பறம் மாதிரி. ஒரு நிமிடம்கூட இருக்காது, மெசின் முழுதாக நின்றுவிட்டது. அடிப்பெட்டியில் இன்னொரு பியூஸ், அதுவும் கருகியிருந்தது. பியூஸ் ஏன் போகிறது என்று கேட்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. அதற்கு எங்களுக்கு நேரமும் இருந்ததில்லை. பிறகு வந்த மெக்கானிக்தான் காட்டினார்: இரண்டு பல்புத் தாங்கிகளின் தகடுகள் வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. நானோ அந்த இரண்டாவது பியூஸுக்கும் வெள்ளித்தாளைச் சுற்றினேன். 'டப்' என்று ஒரு சத்தம், கருகல் மணம், அதோடு சரி. பதறிப்போய் வயரைப் பிடுங்கினேன். எங்கும் அமைதி. மூலையில் இரைந்துகொண்டிருந்த குளிர்ப்பெட்டிகூட ஓய்ந்துவிட்டது. நல்லதாய்ப் போயிற்று, மணி அடித்தால் தெளிவாகக் கேட்கும் என்று நினைத்தேன்.

தொலைபேசிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். தேவாலயத்தில் பதினொரு மணி அடித்தது. வெயில் காலம், யன்னலால் நல்ல வெளிச்சம். தொலைபேசி அசையவில்லை. கால் மணி போனது. பாஸைப் பறித்துவிட்டார்களோ? பிள்ளைக்குக் காய்ச்சலோ? எழும்பினேன், இருந்தேன், எழும்பினேன். அப்போது மாடியிலிருந்து பிறவு லூதி இறங்கி வந்தார். "கைன் ஸ்ற்றோம்" என்றார். கரண்ட் இல்லை. அடுப்பு நின்றுவிட்டதாம். மேசையையும் வாசலையும் பார்த்துவிட்டு, ரயில் பிந்துகிறதா என்று கேட்டார். நான் தொலைபேசியைக் காட்டி, "மைன பிறவு, இதில், இதில்" என்றேன். அவர் அதை எடுத்துக் காதில் வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு அதன் அடிக்கட்டையிலிருந்து சுவருக்குப் போகும் கரண்ட் வயரை விரலால் தொட்டுக் காட்டினார்.

கிளிநொச்சித் தபால் கந்தோரில் நான் கண்ட தொலைபேசி கரண்ட் இல்லாமலே பேசும். இது வயரில்லாமல் கையில் கொண்டு திரியும் சாதி, கரண்ட் இல்லாவிட்டால் பிணம். என் கையாலேயே அதைக் கொன்றுவிட்டு, நல்ல அமைதி என்று முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறேன். அந்தக் கணத்தில் என்னை நானே அறைந்திருப்பேன்.

அவர் என் கையைப் பிடித்து நிலவறைக்கு இழுத்துக்கொண்டு போனார். பியூஸ் பெட்டி ஒரு கொங்கிறீற் அறைக்குள் இருந்தது. அதன் கதவு ஒரு சாண் தடிப்பு. குண்டு விழுந்தால் ஒளிக்கவென்று இந்த நாட்டுச் சட்டப்படி கட்டியதாம். ஒரு நாளும் விழாத குண்டுக்காகக் கட்டிய அறையில் வைன் போத்தலும் உருளைக்கிழங்குச் சாக்கும் அடுக்கியிருந்தார்கள். அந்தக் குளிரும் இருட்டும் முகத்தில் அடித்ததும் என் உடம்பு தானாகக் குனிந்தது. பிறவு லூதி திரும்பிப் பார்த்தார். எரிந்த பீங்கான் பியூஸைத் திருகிக் கழற்றி, புதியதைப் பூட்டினார்.

மேலே ஓடிவந்து வவுனியாக் கடையின் இலக்கத்தை அடித்தேன். முதல் தரம் மலர் எடுத்தபோது கடைக்காரரிடம் கேட்டு வைத்திருந்தது. இப்போதும் அவர்தான் எடுத்தார்.

"அண்ணை, அவா ரெண்டு மூண்டு தரம் எடுத்தவா. அடிக்குது, ஒருத்தரும் தூக்கேல்லை. இப்பதான் பஸ் ஸ்ராண்டுக்குப் போறா. லைனை வைச்சிடாதேங்கோ, ஓடிப் பாத்திட்டு வாறன்."

றிசீவரை மேசையில் வைத்த சத்தம் கேட்டது. பிறகு வவுனியா கேட்டது. பஸ் ஹோண், காகம், எங்கேயோ பாட்டு, "தண்ணி ஒரு கிளாஸ் தாங்கோ" என்று ஒரு பெண். அந்தக் காதில் புழுதிகூடப் படிவதுபோல இருந்தது. மற்றக் காதில் குளிர்ப்பெட்டி மறுபடி இரையத் தொடங்கியிருந்தது. பிறவு லூதி கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் எந்தப் பக்கத்தில் நிற்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. சற்றுத் தூரத்தில் ஒரு பஸ் உறுமிக் கிளம்பியது. அது எது என்று கேட்க அங்கே ஆளில்லை.

செருப்புச் சத்தம். மூச்சு.

"எங்கயப்பா போனனீங்கள்?" மலர் அழுதாள். "உங்களுக்குத்தான் என்னவோ எண்டு பயந்திட்டன்."

கரண்ட் போன கதையைச் சொல்லி, பெயரையும் விலாசத்தையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள்.

"நிப்பீரோ?" என்றேன்.

"பஸ் போயிட்டுது. இனி நிக்காமல் என்ன செய்யிறது? அம்மா தெருவைப் பாத்துக்கொண்டு நிப்பா." கோபமா நிம்மதியா தெரியவில்லை. "இந்தாங்கோ, கரண்ட் போனதாலதான் எடுக்கேல்லை எண்டு உங்கட பிள்ளைக்கு நீங்களே சொல்லுங்கோ."

சொன்னேன். சுபா கேட்டாள்.

"அப்ப நீங்களும் பங்கருக்கையோ அப்பா இருந்தனீங்கள்?"

"ஓம் பிள்ளை" என்றேன். "இப்பதான் ஏறி வந்தனான்."