முப்பத்தேழாம் நம்பர் கால்

செருப்புக் கடையில் யாராவது என் காலில் ஒரு ஜோடியை மாட்டிவிட்டு, "கம்ஃபர்டபிளா இருக்குதா மேடம்?" என்று கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். கேட்கிறவர் மேல் தப்பில்லை. எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும்போது அந்தக் கேள்விக்கு என் சித்தி ஒரே நாளில் இரண்டு தடவை பொய் சொன்னாள். இரண்டு தடவையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். கோபம் இன்னும் ஆறவில்லை. யார் மேல் கோபம் என்பதுதான் வருஷத்துக்கு வருஷம் மாறிக்கொண்டு வருகிறது.

சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டில் தங்கித்தான் படித்தாள். தினமும் காலையில் ஆம்பூரில் ரயில் ஏறி, காட்பாடியில் இறங்கி, பஸ் பிடித்து வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரிக்குப் போவாள். சாயங்காலம் திரும்பும்போது கையில் ஒரு கதை இருக்கும். ரயிலில் வெள்ளரிப் பிஞ்சு விற்கிற அம்மா கூடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போக, அவர் வருவதற்குள் இவளே பாதிக் கூடையை விற்றுவிட்ட கதை. ஆஸ்பத்திரிக்கு வழி கேட்ட கல்கத்தாக்காரருக்குக் கையை ஆட்டி ஆட்டி இவள் வழி சொல்ல, அவர் குடும்பத்தோடு கோட்டைக்குப் போய் இறங்கிய கதை. வேலூர் என்றால் தினம் ஒரு கூத்து நடக்கிற ஊர் என்று நான் நம்பியிருந்தேன்.

கல்லூரியில் அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது ஓட்டம். எண்ணூறு மீட்டர். வெறுங்காலில்தான் ஓடுவாள். ஆனால் எங்கள் தெருவில் அந்தக் காலுக்கு வேறு பெருமை இருந்தது. அது அச்சு அசலாக முப்பத்தேழாம் நம்பர் கால்.

அம்மா ஊருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தாள். வெளிநாட்டுக்குப் போகிற பெண்கள் ஷூவை அங்கே முதலில் முப்பத்தேழாம் அளவில் செய்வார்கள். அந்த அளவுக் கால் உள்ள ஒருத்திக்கு மாட்டி நடக்கவிடுவார்கள். எங்கே இடிக்கிறது, எங்கே கடிக்கிறது என்று அவள் சொல்ல வேண்டும். ஷூவை வாங்கப் போகிற கம்பெனிக்காரர்கள் சரி என்று தலையாட்டினால்தான் லைனில் தைக்க ஆரம்பிப்பார்கள். அம்மா சொல்லித்தான் சித்தியைக் கூப்பிட்டார்கள். அளவெடுத்தவர் அசந்துபோனாராம். நானும் ஒருநாள் என் காலை நீட்டிப் பார்த்தேன். அவர் டேப்பைக்கூட எடுக்காமல், "வளரட்டும் பாப்பா" என்று சொல்லிவிட்டார். அந்தக் கோபம் தனிக் கணக்கு.

உலகத்தில் உள்ள அழகான ஷூ எல்லாம் சித்தி காலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் கப்பல் ஏறும். அவளோ நீல வார் போட்ட ரப்பர் செருப்பில் காலேஜுக்குப் போவாள். ஒரு ஜோடியாவது கேட்டு வாங்கேன் என்று நான் சண்டை பிடிப்பேன்.

"அது என் கால் சைஸுதான்டி. என் காலுக்கு இல்ல" என்று சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

நான் சொல்ல வந்த சனிக்கிழமை மத்தியானம் கல்லூரியில் ஓட்டப் போட்டி இருந்தது. முதலாவதாக வருகிறவளைச் சென்னைக்கு, பல்கலைக்கழகப் போட்டிக்கு அனுப்புவார்கள். சித்திக்கு அது கடைசி வருஷம். இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை. விடியற்காலையில் எழுந்து தண்டவாளத்தை ஒட்டிய மண் ரோட்டில் அவள் ஓடிப் பழகியதை நான் பல நாள் தூக்கக் கலக்கத்தில் பார்த்திருக்கிறேன்.

முந்தின நாள் சாயங்காலம் அம்மா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் காலைல ஆர்டர் குடுக்கற வெள்ளைக்காரம்மா வருதாம். உன் கால கேக்கறாங்க. ஒரு மணி நேரம்தான்."

"மூணு மணிக்கு ஓட்டம் இருக்குதேக்கா."

"தெரியும். அதான் எப்படிக் கேக்கறதுன்னு பேஜாரா இருக்குது" என்றாள் அம்மா. சித்தி கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி வர்றேன் என்று சொல்லிவிட்டாள்.

நான் நடுவில் புகுந்து, வேணாம் சித்தி என்றேன். யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

அந்தச் சமயம் எங்கள் வீட்டில் ஒரு பொற்காலம் நடந்துகொண்டிருந்தது. அம்மா பல நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவாள். சில நாள் கம்பெனியிலேயே, இன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அடுப்புப் பக்கத்தில் அம்மா இருப்பாள், தோசை சுடச்சுடத் தட்டில் விழும். அம்மா மட்டும் ஏனோ உம்மென்று இருந்தாள். லீவு கிடைத்தும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சனிக்கிழமை என்னை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் சித்தி என்னையும் கூட்டிப் போனாள். சாம்பிள் ரூமில் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அந்தப் பக்கம் தையல் மிஷின்கள் வரிசையாக இருந்தன. வழக்கமாகக் காதைப் பிளக்கிற சத்தம் வரும். அன்று ஒரு சத்தமும் இல்லை. அம்மாவும் மற்ற பெண்களும் மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையாட்டினேன். அம்மா ஆட்டவில்லை. அதுவும் எனக்குக் கோபம்.

வெள்ளைக்காரம்மாவுக்குக் குட்டையாக வெட்டிய நரைத்த முடி, வெயிலில் சிவந்த மூக்கு. தேன் நிறத்தில் ஒரு ஷூ. தொட்டால் கை வழுக்கும், அவ்வளவு அழகு. ஆனால் குதிகாலைப் பிடிக்கிற பின்பக்கம் பலகை போல விறைப்பாக இருந்தது. சித்தி அதை மாட்டிக்கொண்டு நடந்தாள். மறுபடி நட என்றார்கள். படியேறு, இறங்கு என்றார்கள். குந்தி எழுந்திரு என்றார்கள். வெள்ளைக்காரம்மா எழுதிக்கொண்டே இருந்தார். திரும்பி வரும்போது சித்தி குனிந்து என் காதில், "கடிக்குதுடி" என்றாள். குதிகாலில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

மேனேஜர் முகமெல்லாம் சிரிப்பாக சித்தியிடம் வந்தார். அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில், சிரிப்பு மாறாமல் சொன்னார்.

"ஏற்கெனவே ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்கம்மா. இதுவும் சரியில்லன்னா ஆர்டர் போய்டும். பாத்து சொல்லு."

அந்தம்மா இங்கிலீஷில் கேட்டார். அதில் எனக்குப் புரிந்த ஒரே வார்த்தை கம்ஃபர்டபிள். சித்தி கண்ணாடிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு நன்றாகச் சிரித்து, "யெஸ் மேடம், வெரி கம்ஃபர்டபிள்" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கே கடிக்கிறது என்று சொல்வதற்குத்தானே இவளைக் கூப்பிடுகிறார்கள்? சொல்ல விடமாட்டார்கள் என்றால் கால் எதற்கு, கட்டையில் மாட்டிப் பார்க்க வேண்டியதுதானே? மேனேஜருக்குப் பயந்து சொல்லிவிட்டாள் என்று முடிவு செய்துகொண்டேன். அதனால் அந்தப் பொய்யை அவள் கணக்கில் எழுதவில்லை, மேனேஜர் கணக்கில் எழுதினேன்.

வேலூர் போய்ச் சேர்வதற்குள் குதிகாலில் ரத்தம் கசிய ஆரம்பித்துவிட்டது. ஒரு மருந்துக் கடையில் போய் நின்றோம். வடநாட்டிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள்தான் அந்த ரோடு முழுக்க என்பதால், கடைக்காரர் எங்களிடமும் இந்தியில் என்னவோ கேட்டார். "நாங்க ஆம்பூரு!" என்று நான் கத்தினேன். "இன்னா பாப்பா, இவ்ளோ சூடு?" என்று சிரித்தபடி பஞ்சும் பிளாஸ்திரியும் எடுத்துத் தந்தார்.

கோட்டை அகழிக்குப் பக்கத்தில் புல்தரையில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். சித்தி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குதிகாலைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போது எதிரில் ஒரு நிழல் வந்து நின்றது. கழுத்தில் கேமராவோடு அதே வெள்ளைக்காரம்மா. கோட்டையைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறார். மேனேஜர் இல்லை. கம்பெனி ஆட்கள் யாருமே இல்லை. அந்தம்மா சித்தியின் முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டதாக எனக்குத் தோன்றவில்லை. காலைப் பார்த்துத்தான் நின்றார்.

புல்லில் மண்டி போட்டு உட்கார்ந்து குதிகாலை உற்றுப் பார்த்தார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, கையை ஷூ போலக் குவித்துக் காட்டி, ஏதோ கேட்டார். எனக்கே புரிந்தது. இது என் ஷூ செய்த வேலையா என்று கேட்கிறார்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. இதோ கேட்கிறார், மேனேஜரும் இல்லை, சொல்லித் தொலை சித்தி என்று அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தேன்.

சித்தி, "நோ, நோ மேடம்" என்றாள். பக்கத்தில் கிடந்த ரப்பர் செருப்பைத் தூக்கி, இதுதான் கடித்தது என்று காட்டினாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை அன்றுதான் நேரில் பார்த்தேன். முன்னால் வார், பின்னால் ஒன்றுமே இல்லாத செருப்பு அது. பின்பக்கமே இல்லாத செருப்பு குதிகாலின் பின்பக்கத்தை எப்படிக் கடிக்கும்? இரண்டு வருஷமாக அவளை ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் சுமந்த செருப்பு. ஒருநாள்கூட அவளை உறுத்தியதில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! "பொய்..." என்று நான் வாயைத் திறப்பதற்குள் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. இரண்டு நாள் சிவந்திருந்த கிள்ளு.

வெள்ளைக்காரம்மா செருப்பைக் கையில் வாங்கினார். அதைத் திருப்பிப் பார்த்தார். குதிகாலைப் பார்த்தார். சித்தியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். காலமெல்லாம் ஷூ வாங்கி விற்கிற மனுஷிக்கு இந்தச் சின்ன விஷயம் தெரியாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. "ஓகே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, செருப்பை ஜோடியாகச் சேர்த்து சித்தி பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். இந்தப் பெரியவர்களிடம் உண்மையைக் கொண்டுபோய்க் கொடுத்தால்கூட வாங்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு ஓட்டம். முதல் சுற்றில் சித்திதான் முன்னால். இரண்டாவது சுற்றில் பிளாஸ்திரி கழன்று தொங்கியது. அவள் கால் ஒரு பக்கமாக விழ ஆரம்பித்தது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். மூன்றாவதாக வந்தாள். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஓட்டம் சொல்லிக் கொடுக்கிற டீச்சர் வந்து, "கால்ல இன்னா ஆச்சு?" என்று கேட்டார். "செருப்பு கடிச்சிடுச்சு மிஸ்" என்றாள். மறுபடியும் அந்தச் செருப்பு!

ரயிலில் நான் அவளோடு பேசவில்லை. வெள்ளரிப் பிஞ்சு அம்மா தந்த பிஞ்சைக்கூட வாங்கவில்லை. அன்று ராத்திரி அம்மா தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து அவள் குதிகாலில் தடவினாள். எத்தனையாவதாக வந்தாய் என்று அம்மா கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை. அந்தத் தேன் நிற ஷூவைப் போட்டுக்கொண்டு எந்த ஊரிலோ எவளோ நடந்திருப்பாள். அவளுக்குத் தெரியுமா, அது ஒருத்தியின் சென்னைப் பயணத்தை வாங்கிக்கொண்டு வந்த ஷூ என்று?

கொஞ்ச நாளில் எங்கள் வீட்டுப் பொற்காலம் முடிந்தது. ஆர்டர் வந்துவிட்டது. அம்மா காலையில் போனால் ஓவர்டைம் முடிந்துதான் வருவாள். நான் வரும்போது வீடு பூட்டியிருக்கும். தோசை ஆறிப்போய்ப் பாத்திரத்தில் மூடிக் கிடக்கும். எல்லாம் அந்தப் பொய்யால் வந்தது என்று நான் சரியாகவே கண்டுபிடித்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே அம்மா சொன்னாள்.

"அந்த ஷூல ஒரு வேலை ஜாஸ்தி பண்ணிட்டாங்கடி. குதிகால் பக்கம் உள்ள மெத்துனு ஸ்பாஞ்சு வெச்சு தைக்கணுமாம். வெள்ளைக்காரம்மா ஊருக்குப் போய் சொல்லி அனுப்பிச்சாங்களாம். கடிக்குதுன்னு யாருமே சொல்லல. எப்படித்தான் தெரிஞ்சுதோ."

சித்தி சட்டென்று நிமிர்ந்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு வந்ததே கோபம்! ஓவர்டைம் போதாதென்று ஸ்பாஞ்சு வேறு. அம்மா இன்னும் நேரம் கழித்து வருவாள், இவளுக்குச் சிரிப்பு. அத்தனை நாள் அடக்கி வைத்ததை அன்று கொட்டினேன்.

"அன்னிக்கே இவ உண்மைய சொல்லியிருந்தா நீ வீட்லயே இருந்திருப்ப இல்லம்மா?"

மடித்த துணியை அம்மா கீழே வைத்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆமாடி கண்ணு" என்றாள் அம்மா. "வீட்லயேதான் இருந்திருப்பேன்."

அதைத்தானே நானும் கேட்கிறேன், அதில் என்ன தப்பு என்று நான் காலை உதைத்துக்கொண்டு அழுதேன்.