கமலத்தின் ஊடாக வந்த இரும்பு

போன மாரியில் சட்டை மாற்றும்போது இடது தோளில் ஈரம் பட்டது. பழைய தழும்பு வாய் திறந்து சீழ் கசிந்தது. உடம்பில் ஷெல் துண்டோடு திரியும் உங்களில் யாருக்காவது இப்படி வந்தால், மஞ்சளை அப்பிக்கொண்டு இருந்துவிட வேண்டாம். நான் மூன்று கிழமை அப்படி இருந்து, காய்ச்சலில் விழுந்தேன்.

தர்மபுரத்திலிருந்து வவுனியா ஆஸ்பத்திரிக்கு என்னைக் கொண்டுபோனவள் சுதா. செத்துப்போன என் அயலவள் கமலத்தின் மகள், இப்போது ரீச்சர்.

எக்ஸ்ரேயில் புளியங்கொட்டை அளவு இரும்பு தெரிந்தது. எலும்பிலும் கிருமி பிடித்துவிட்டதாம் (எலும்பு உள்ளிருந்தே அழுகும்).

"எடுத்துவிடுவம், அம்மா. விட்டால் கிருமி இரத்தத்தில ஏறும்," என்றார் டொக்டர்.

"இருக்கட்டும். அது என்ர பங்கு."

"மாமிக்கு இரும்பிலயும் பிடிவாதம், டொக்டர்," என்று சுதா சிரித்தாள்.

வாட்டில் அவள் எனக்கு ஒரு புத்தகம் வாசித்தாள். ஜப்பான்காரர் ஒருவர் எழுதிய கதை, தமிழில் வந்தது. எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். குண்டில் சொந்தச் சனம் எரிந்து கருகியதை எழுதிய அந்த மனிதர் அதோடு நிற்கவில்லை. அந்த நேரத்தில் நான் யாருக்கு என்ன செய்தேன் என்று தன்னையே பிடித்துக் கேட்கிறார்.

"நிப்பாட்டு, பிள்ளை," என்றேன். பிறகு அவளிடம் மறைத்ததைச் சொன்னேன்.

யுத்தத்தின் கடைசி மாதங்களில் பங்கர் வாசலுக்கு மண்மூட்டை தைக்க எல்லோரும் சேலைகளை வெட்டினோம். கமலம் தன் கலியாணக் கூறைச் சேலையையும் வெட்டினாள். நான் என்னுடையதைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன்.

"என்னக்கா, ஷெல்லுக்கு உடுத்திக் காட்டவோ வைச்சிருக்கிறியள்?" என்று கமலம் பகிடி பண்ணினாள்.

"செத்தால் அதோடதான் என்னை எரிக்கோணும்," என்றேன்.

வாசலில் என் கூறையில் தைத்திருக்கக்கூடிய நாலு மூட்டைக்கு இடம் வெறுமையாகக் கிடந்தது. அதற்கு நேரே கமலம் இருந்தாள். ஒரு மத்தியானம் ஷெல் விழுந்தது. துண்டு அந்த இடைவெளியால் வந்து, அவளுடைய கழுத்தைப் பிய்த்துக்கொண்டு போய் என் தோளில் நின்றது. அவள் கத்தவில்லை, கத்தத் தொண்டை இல்லை. சூடான இரத்தம் என் வாய்க்குள் பாய்ந்தது. ஷெல்லடி ஓயும் வரை அவளை மடியில் போட்டபடி துப்பிக்கொண்டிருந்தேன். மறுமூலையில் ஒன்பது வயதுச் சுதா காதைப் பொத்திக்கொண்டு மண்சுவரைப் பார்த்திருந்தாள்.

கமலத்தை என்னுடைய அந்தக் கூறையில் சுற்றித்தான் புதைத்தோம். 'கூறையையே குடுத்த மனுசி' என்றது ஊர். நான் மறுக்கவில்லை. அந்த நன்றிக்குத்தான் சுதா இத்தனை வருஷமும் என்னைப் பார்த்தாள்.

"அப்ப, முதலே வெட்டியிருந்தா?" என்று சுதா கேட்டாள்.

"கொம்மா உயிரோட இருந்திருப்பா."

அவள் புத்தகத்தை மூடினாள். சாப்பாட்டுப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று பின்னேரம் ஒப்பரேசனுக்குக் கையெழுத்து வைத்தேன். இரும்பை எனக்கு நானே கொடுத்த தண்டனையாக வைத்திருந்தேன். இனித் தண்டிப்பது அவளுடைய வேலை. எலும்பைச் சுரண்டி எடுத்தார்கள். மயக்கம் தெளிந்தபோது தோளைக் கோடாலியால் பிளந்ததுபோல இருந்தது.

இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். மாமி என்று கூப்பிடவில்லை.

"திரும்புங்கோ," என்றாள். தாதி வரமுன்னே கட்டுத்துணியை ஒரே இழுவையில் உரித்தாள்.

"நோகுதோ?"

"ஓம்."

"நோகட்டும்."

பிறகு காயத்தைச் சுற்றி மெதுவாகத் துடைத்தாள்.

இப்போது தோளில் விரல் நுனி போகும் குழி ஒன்று இருக்கிறது. இவ்வளவு காலமும் அந்த இடத்தில் ஒரேயொரு மத்தியானம்தான் இருந்தது. இப்போது அங்கேயும் நாட்கள் போகின்றன. அவள் வரும் நாள், வராத நாள்.