மந்திரித்த படகில் ஏறிய நிரோஜனுக்காக மணப்பாடு வரை

மணப்பாட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. கடைசியில் போனது என்னவோ ஒரு விசாரணைக்காக. அகதி முகாம் மாணவர்களுக்குத் துணைபோகிற சிறு குழுவில் நான் இருக்கிறேன். மனநல ஆலோசனை என் வேலை. போன மாதம் தூத்துக்குடியிலிருந்து வக்கீல் தோழி முத்துலட்சுமி கூப்பிட்டாள். "கேஸை நான் பாத்துக்கிடுதேன். பையனை நீ வந்து பாரு. சாப்பிடவே மாட்டேங்கான்."

பையன் பெயர் நிரோஜன். இலங்கை அகதிக் குடும்பம். இங்கே முகாமிலேயே பிறந்தவன், தூத்துக்குடியில் கல்லூரி இறுதியாண்டு. வகுப்புத் தோழன் ஆன்றோ வீட்டில் புதுப் படகு, பங்குச் சாமியார் வந்து மந்திரிக்கிறார் என்று மணப்பாட்டுக்குப் போயிருக்கிறான். ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பதை அங்கே மந்திரிப்பது என்பார்கள். மந்திரித்த கையோடு படகு கடலில் ஒரு சுற்றுப் போகும். அதில் இவனும் ஏறியிருக்கிறான். கடலோரப் போலீஸ் மறித்துச் சோதித்தால், கையில் அகதி அட்டை. அவ்வளவுதான், கள்ளத்தனமாக இலங்கைக்குத் தப்பப் பார்த்தான் என்று சந்தேகம். அது உறுதியானால் சிறப்பு முகாம். பெயர்தான் முகாம், வாசலில் பூட்டு. படிப்பு அதோடு போச்சு.

மதுரையில் காலை ஆறு மணிக்குப் பேருந்து ஏறி ஒன்பதே காலுக்குத் தூத்துக்குடியில் இறங்கினேன். விசாரணை வரை கல்லூரி விடுதியிலேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள். நிரோஜன் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தேன். உரித்து நீட்டியபோது, "அம்மாட்ட சொல்லிடாதீங்கக்கா. கடல்னாலே அவங்களுக்கு நடுங்கும்" என்றான். ஆரஞ்சை நானேதான் தின்றேன்.

மணப்பாட்டுக்கு முத்துலட்சுமியும் நானும் மட்டும் போனோம். அறுபது கிலோமீட்டர் சொச்சம், திருச்செந்தூரில் பேருந்து மாற வேண்டும். மணல்மேட்டு உச்சியில் சிலுவைக் கோயில், கீழே கடல். ரசிக்கிற மனநிலை இல்லை, ஆனாலும் வாய் பிளந்துதான் நின்றேன்.

ஆன்றோவின் அம்மா ரோஸ்லின்தான் படகுக்குச் சொந்தக்காரர். சாட்சி சொல்ல வர வேண்டும் என்றதும் அவர் முகம் மாறியது. "நான் ஏத்துனேம்னு சொன்னா போட்டைப் பிடிச்சிருவாங்களே வக்கீலம்மா. எங்களுக்கு அது ஒண்ணுதான கெடக்கு." பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம் என்று முத்துலட்சுமி உள்ளதை உள்ளபடி சொன்னாள். எனக்கு அவள் மேல் எரிச்சல். கொஞ்சம் பூசி மெழுகினால்தான் என்ன? மீன்குழம்பும் சோறும் கிடைத்தன, பதில் கிடைக்கவில்லை.

மறுநாள் தூத்துக்குடியில் விசாரணை. அலுவலக வாசலில் தலைமுடி ஈரம்கூடக் காயாமல் ரோஸ்லின் நின்றிருந்தார். முதல் பேருந்தைப் பிடித்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"யாரோ ஒரு பையனை எதுக்கும்மா புதுப் படகுல ஏத்துனீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"எங்க வீட்டு வழக்கம் சார். மந்திரிச்ச போட்டுல மொத ஓட்டத்துக்கு வெளியூர் விருந்தாளி ஏறணும். அன்னைக்கு வந்த விருந்தாளி இவன் ஒருத்தந்தான். மாட்டேம்னுதான் சொன்னான். நாந்தான் சும்மா ஏறுலேன்னு கையப் பிடிச்சு ஏத்துனேன். தப்புன்னா என்னையப் பிடிங்க."

படகை மந்திரித்த அன்று ஆன்றோ வீட்டார் எடுத்த படங்களை முத்துலட்சுமி காட்டினாள். மாலையும் பலூனும் கட்டிய படகு, உள்ளே முக்கால்வாசியும் குழந்தைகள். தப்பி ஓடுகிறவன் ஊர்ப் பிள்ளைகளையும் பலூனையும் ஏற்றிக்கொண்டா போவான்?

மாலையில் முடிவு சொன்னார்கள். சிறப்பு முகாம் இல்லை; படிக்கலாம்; இனி படகில் ஏறக்கூடாது. ரோஸ்லினின் படகு எச்சரிக்கையோடு தப்பியது.

இப்படித் துணைக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. முகாம் மாணவர் வெளியூர் கிளம்பினால் அனுமதியும் அசல் அட்டையும் கையில் இருக்கட்டும். விசாரணைக்கு முந்தைய இரவு அவரைத் தனியே விடாதீர்கள். உள்ளே வக்கீல் பேசட்டும், நாம் வாயைத் திறக்க வேண்டாம். தண்ணீரும் பிஸ்கட்டும் அவசியம், காத்திருப்பு நீளும். எல்லாவற்றுக்கும் மேலாக, பொய்யாக நம்பிக்கை கொடுக்காதீர்கள். அந்த விஷயத்தில் முத்துலட்சுமி செய்ததுதான் சரி.

வெளியே வந்ததும் நிரோஜன், "பசிக்குதுக்கா" என்றான். நாலு பேரும் பொரிச்ச புரோட்டா கடைக்குப் போனோம். அவன் மூன்றாவதைப் பிய்க்கும்போது கேட்டேன், "படகு போனப்ப இலங்கைப் பக்கம் பாத்தியா?"

"இல்லக்கா. கரையையேதான் பாத்துட்டு இருந்தேன். திரும்பக் கொண்டுவந்து விட்ருவீங்கல்லன்னு ஆன்றோகிட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன்."